வானுக்குப் பாதை போடுறது யார்? மொன்றியலில் வளர்ந்த ஒரு கணக்கும் எங்கட வீட்டு வாசலும்

வீட்டுக்குப் பார்சல் வரப்போகுது என்றால் இப்ப பிள்ளைகள் வாசலைப் பார்ப்பதில்லை, ஃபோனைத்தான் பார்க்கிறார்கள். வரைபடத்தில் ஒரு சின்ன வான் ஊர்ந்துகொண்டு வருது. "இன்னும் ஆறு ஸ்டொப்" என்று அது சொல்லுது. பிறகு எங்கட வீதியைத் தாண்டிப் போகுது, சுத்திக்கொண்டு திரும்பி வருது. "ஏன் அந்த வான் நேரா எங்கட வீட்டுக்கு வரயில்லை?" என்று பிள்ளை கேட்டால், எங்களில் எத்தனை பேர் பதில் சொல்லுவோம்?

எங்கட அப்பா, மாமா, சித்தப்பாமாரில் பலருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் நன்றாகத் தெரிந்திருந்தது. 80களிலும் 90களிலும் இஞ்ச வந்து இறங்கினவர்களுக்கு, பிரெஞ்சு தெரியாமலே தொடங்கக்கூடிய வேலைகளில் டிலிவரியும் ஒன்று. பீட்சா, விளம்பரத்தாள், பேப்பர், சாமான் என்று எதைக் கொண்டு போனாலும், எந்த வீதி எந்தப் பக்கம் ஒருவழி, எந்த வீட்டுக்குப் பின்வாசலால் போகவேணும் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருந்தது. இன்றைக்கு அந்த வேலையை ஒரு மென்பொருள் செய்யுது. நானும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிற ஆள். ஆகவே அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்டலாம் என்று நினைக்கிறேன். இந்தக் கணக்கின் ஒரு பெரிய பகுதி உருவானது வேறெங்கேயும் இல்லை, எங்கட மொன்றியலில்தான்.

இருபது கதவு, எண்ணி முடியாத வழி

முதலில் ஏன் இது கஷ்டம் என்று பார்ப்போம். ஐந்து வீட்டுக்குச் சாமான் கொடுக்கவேணும் என்றால், எந்த வரிசையில் போகலாம் என்பதற்கு 120 வழி இருக்கு. பத்து வீடு என்றால் 36 இலட்சத்து 28 ஆயிரத்து 800 வழி. இருபது வீடு என்றால் ஏறக்குறைய 24,000 கோடி கோடி. ஒரு கொம்பியூட்டர் ஒரு செக்கனுக்கு 100 கோடி வழிகளைச் சோதிக்கும் என்று வைத்தாலும், இருபது வீட்டுக்கான எல்லா வழியையும் பார்த்து முடிக்க ஏறக்குறைய 77 வருடம் எடுக்கும். ஒரு டிலிவரி வானில் ஒரு நாளைக்கு இருபது ஸ்டொப் என்பது மிகச் சின்ன எண்.

ஆகவே இந்த மென்பொருள்கள் எல்லா வழியையும் பார்ப்பதே இல்லை. நல்ல வழியை எப்படிக் கெதியாகக் கண்டுபிடிக்கலாம் என்பதில்தான் அவற்றின் கெட்டித்தனம் இருக்கு.

இந்தக் கேள்வியை முதலில் கணக்காக எழுதியவர்கள் ஜோர்ஜ் டான்ட்சிக், ஜோன் ராம்சர் என்ற இருவர். 1959இல் வந்த அவர்களின் கட்டுரை, ஒரு களஞ்சியத்திலிருந்து பல பெற்றோல் நிலையங்களுக்கு எரிபொருள் லொறிகளை எப்படி அனுப்புவது என்பதைப் பற்றியது. ஐந்து வருடம் கழித்து, 1964இல், கிளார்க், ரைட் என்ற இருவர் இங்கிலாந்திலிருந்து ஒரு எளிய முறையைச் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

கடையிலிருந்து முதலாவது வீடு 4 கிலோமீற்றர், இரண்டாவது வீடு 5 கிலோமீற்றர். இரண்டு வீட்டுக்கும் இடையில் 1 கிலோமீற்றர். தனித்தனியாகப் போய் வந்தால் 8 உம் 10 உம், மொத்தம் 18 கிலோமீற்றர். ஒரே பயணத்தில் போனால் 4, 1, 5, மொத்தம் 10. மிச்சம் 8 கிலோமீற்றர். இப்படி ஒவ்வொரு சோடி வீட்டுக்கும் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டு, அதிக மிச்சம் தருகிற சோடியை முதலில் இணைக்கவேணும். வானில் இடம் முடியும்வரை இணைத்துக்கொண்டே போகலாம். அவ்வளவுதான் முறை. அறுபது வருடம் தாண்டியும் இந்த யோசனை பல மென்பொருள்களுக்குள் உயிரோடு இருக்கு.

மலையடிவாரத்தில் வளர்ந்த கணக்கு

என்.டி.ஜி. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் நோத்ர-டாம்-த-கிரேஸும் கோட்-தே-நேஜும் ஒரே நிர்வாகப் பிரிவு. அந்தக் கோட்-தே-நேஜ் பக்கத்தில், மலையின் சரிவில், மொன்றியல் பல்கலைக்கழகமும், பொலிடெக்னிக்கும், எச்.ஈ.சி. வணிகக் கல்லூரியும் இருக்கு. எங்கட பிள்ளைகள் பலர் படிக்கிற, படிக்கப்போகிற இடங்கள். பாதைக் கணக்கில் உலகத்தில் பெயர்பெற்ற ஆய்வு நிலையங்களில் இரண்டு இந்த வளாகத்தோடு சேர்ந்தவை. ஒன்று ஜெராட். மற்றது சிரெல்ட், 70களில் தொடங்கிய போக்குவரத்து ஆய்வு நிலையம் வேறு குழுக்களோடு இணைந்து 2006இல் இந்தப் பெயரை எடுத்தது.

எச்.ஈ.சி.யின் ஜில்பேர் லாபோர்ட், வாகனப் பாதைத் துறையில் மாணவர்கள் முதலில் கேள்விப்படும் பெயர்களில் ஒன்று. மொன்றியலின் மார்ட்டின் டெரோஷே, ஜாக் டெரோசியே, அமெரிக்காவின் மரியஸ் சொலமன் ஆகிய மூவரும் 1992இல் எழுதிய ஒரு கட்டுரை இன்னும் மேற்கோள் காட்டப்படுது. "காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் வருவோம்" என்று வாடிக்கையாளருக்கு நேரம் கொடுத்துவிட்டால் பாதைக் கணக்கு எவ்வளவு சிக்கலாகும், அதை எப்படித் தீர்க்கலாம் என்பதுதான் அதன் விஷயம்.

அவர்கள் பாவித்த முறையைப் பேச்சுமொழியில் இப்படிச் சொல்லலாம். ஒரு கலியாணத்துக்கு நாலு வானில் ஆட்களை ஏத்தவேணும் என்று வையுங்கோ. இருக்கக்கூடிய எல்லாப் பயணங்களையும் எழுதிவைக்கத் தேவையில்லை. கையில் உள்ள ஒரு சில நல்ல பயணங்களை வைத்து ஒரு திட்டம் போடலாம். பிறகு, "இந்தத் திட்டத்தை இன்னும் மலிவாக்கக்கூடிய ஒரு பயணம் விடுபட்டிருக்கா?" என்று மட்டும் தேடலாம். இருந்தால் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போடவேணும். இல்லை என்று வரும்போது தேடுதலை நிறுத்தலாம்.

இந்த ஆய்வு புத்தகத்தோடு நிற்கயில்லை. போக்குவரத்து ஆய்வு நிலையத்தின் வேலையிலிருந்து வளர்ந்த ஜிரோ என்ற நிறுவனம் 1979இல் மொன்றியலில் தொடங்கியது. அதன் ஹாஸ்டஸ் மென்பொருள் உலகின் பல நகரங்களில் பஸ், மெட்ரோ நேர அட்டவணைகளையும் சாரதிகளின் வேலை நேரங்களையும் திட்டமிடுது. ஜியோரூட் என்ற அதன் இன்னொரு மென்பொருள், தபால் போன்ற, வீதி வீதியாகப் போகிற சேவைகளுக்கானது.

மென்பொருளுக்குள் என்ன நடக்குது

போக்குவரத்து மேலாண்மை மென்பொருள் என்று கொம்பனிகள் வாங்குவது பாதை போடுகிற கருவி மட்டும் இல்லை. எந்தச் சாமானை எந்த வாகனத்தில் ஏத்துவது, வெளி லொறிக் கொம்பனிக்குக் கொடுப்பதா, கூலி எவ்வளவு, பற்றுச்சீட்டு, சாமான் போய்ச் சேர்ந்ததுக்கு ஆதாரமான கையொப்பம் அல்லது படம் எல்லாம் அதற்குள் வரும். பாதை போடுறது அதில் ஒரு பகுதி. அந்தப் பகுதி ஒவ்வொரு காலையிலும் இப்படி ஓடும்:

1. விலாசங்களை வரைபடப் புள்ளிகளாக மாத்தும். இஞ்ச ஒரு பிழை வந்தால் பிறகு எல்லாமே பிழை.
2. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மற்றப் புள்ளிக்குப் போக எத்தனை நிமிடம் என்று ஒரு பெரிய அட்டவணை செய்யும்.
3. நிபந்தனைகளைச் சேர்க்கும்: வானின் கொள்ளளவு, வாடிக்கையாளருக்குக் கொடுத்த நேரம், சாரதியின் வேலை நேரம், குளிரில் வைக்கவேண்டிய சாமான்.
4. முதலில் ஒரு சுமாரான திட்டம் போட்டு, வீடுகளை இடம் மாத்தி மாத்தி அதைத் திருத்தும்.
5. சாரதியின் ஃபோனுக்கு அனுப்பும். நாளின் நடுவில் நெரிசல் வந்தால் திரும்பக் கணக்குப் போடும்.

பிள்ளையின் கேள்விக்குப் பதிலும் இதற்குள் இருக்கு. வான் எங்கட வீட்டைத் தாண்டிப் போனதற்குக் காரணம், அடுத்த வீதியில் ஒருவருக்குப் பத்து மணிக்கு முன்னம் கொடுக்கவேணும் என்ற வாக்காக இருக்கலாம். இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் நேரத்தைத் தவிர்ப்பதற்காகவும் இருக்கலாம். அமெரிக்காவின் யூ.பி.எஸ். தன் வண்டிகள் எதிர்வரும் வாகனங்களுக்குக் குறுக்கே இடப்பக்கம் திரும்புவதை முடிந்தவரை குறைக்குது. ஓரியன் என்ற தன் பாதை மென்பொருளால் வருடத்துக்கு 10 கோடி மைல், அதாவது ஏறக்குறைய 16 கோடி கிலோமீற்றர், மிச்சம் என்று அந்த நிறுவனம் சொல்லுது. அந்த வேலைக்கு 2016இல் எடெல்மன் விருது கிடைத்தது.

வரைபடத்துக்குத் தெரியாத என்.டி.ஜி.

எங்கட பகுதி இந்தக் கணக்குக்கு நல்ல சோதனைக்களம். 1967இல் திறந்த டெகாரி நெடுஞ்சாலை பள்ளத்துக்குள் ஓடுது. பாலம் இருக்கிற இடத்தில் மட்டும்தான் அந்தப் பக்கம் போகலாம். ஷேர்புறூக் வீதிக்குத் தெற்கே ரயில் தண்டவாளம். அதன் இரு பக்கமும் நேருக்கு நேர் இருக்கிற இரண்டு வீட்டுக்கு நடுவில் காக்கா பறக்கிற தூரம் கொஞ்சம்தான். காரில் போக, கீழ்ப்பாலம் இருக்கிற இடம் வரைக்கும் சுத்தவேணும். கவெண்டிஷ் வீதியைப் பாருங்கோ. கோட்-சென்-லூக்கில் நின்றுவிட்டு, ரயில் முற்றங்களுக்கு அந்தப் பக்கம் சென்-லோரனில் திரும்பத் தொடங்குது. இரண்டு துண்டையும் இணைக்கவேணும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக நடக்குது. நேர்கோட்டுத் தூரத்தை வைத்துக் கணக்குப் போடும் மலிவான மென்பொருள் இந்த மூன்று இடத்திலும் ஏமாந்து போகும்.

இதோடு, சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்புவது கியூபெக்கில் 2003இல் அனுமதிக்கப்பட்டாலும், மொன்றியல் தீவில் இன்றைக்கும் இல்லை. வேறு நகரத்துப் பழக்கத்தை வைத்து நேரம் போடுகிற மென்பொருள் ஒவ்வொரு சந்தியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தும்.

பிறகு பனி. பனி அள்ளுகிற நாளில் வீதியின் ஒரு பக்கம் நிறுத்த முடியாது, மற்றப் பக்கம் இடமே இருக்காது. எந்த வீதியில் எப்ப அள்ளப்போகிறார்கள் என்பதை நகராட்சி இன்ஃபோ-நேஜ் என்ற செயலியில் காட்டுது. நல்ல மென்பொருள் அந்தத் தகவலையும் எடுக்கலாம். ஆனால் உறைந்த வெளிப்படிக்கட்டில் பெரிய அரிசி மூட்டையோடு இரண்டாம் மாடிக்கு ஏற எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை எந்த வரைபடமும் சொல்லாது.

கதவடியில் எத்தனை நிமிடம்?

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால், இதை வையுங்கோ.

எல்லாப் பாதை மென்பொருளிலும் "ஸ்டொப் நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கும். வானை நிறுத்தி, பார்சலைத் தேடி எடுத்து, படியேறி, மணி அடித்து, கொடுத்து, திரும்பி வர எவ்வளவு நேரம் என்பதை அதில் போடவேணும். ஒரு நாளைக்கு 120 ஸ்டொப் என்று எடுத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தில் 2 நிமிடம் என்று போட்டால் கதவடியில் செலவாவது 4 மணித்தியாலம். 3 நிமிடம் என்று போட்டால் 6 மணித்தியாலம். உண்மையில் 3 நிமிடம் எடுக்கிற இடத்தில் யாரோ ஒருவர் 2 என்று எழுதிவிட்டால், அந்த இரண்டு மணித்தியாலம் எங்கேயும் மறைந்து போகாது. அது சாரதியின் சாப்பாட்டு நேரத்திலிருந்தும், கழிவறைக்குப் போகிற நேரத்திலிருந்தும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருகிற நேரத்திலிருந்தும் வெட்டப்படும். மென்பொருளின் அறிக்கையோ, "இன்றைக்கு இந்தச் சாரதி பிந்திவிட்டார்" என்று சொல்லும்.

இஞ்சதான் எங்கட தலைமுறையின் நிலை விசேஷமானது. எங்கட அப்பாமார் அந்தப் படிகளை ஏறினவர்கள். எங்களில் பலர் இப்ப அந்தக் கட்டத்துக்குள் எண்ணை எழுதுகிற ஆட்கள்: நிரலாளர், கணக்காளர், களஞ்சிய மேலாளர். ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பக்கமும் இருக்கு. அந்த 2 எங்கிருந்து வந்தது, யார் அளந்தது, எந்த மாதத்தில் அளந்தது என்று கூட்டத்தில் கேட்கக்கூடிய இடத்தில் நாங்கள் இருக்கிறோம். ஜூன் மாதத்து 2 நிமிடம் ஜனவரியில் 2 நிமிடமாக இருக்காது.

சாரதிக்குத் தெரிந்ததை மதிப்பது இரக்கத்துக்காக மட்டும் இல்லை, அது நல்ல கணக்கும்கூட. 2021இல் அமேசானும் எம்.ஐ.டி.யும் ஒரு போட்டி வைத்தன. சாரதிகள் உண்மையில் ஓடின 6,000க்கும் மேற்பட்ட பாதைகளின் தரவைக் கொடுத்து, அனுபவமுள்ள சாரதி போகிற மாதிரியே பாதை போடுகிற நிரலை எழுதச் சொன்னார்கள். சாரதிகள் பல நேரம் மென்பொருள் சொன்ன மிகக் குறுகிய பாதையை விட்டு வேறு வழியால் போனார்கள்; நிறுத்த எங்கே இடம் கிடைக்கும், எந்தக் கட்டடத்தைச் சேர்த்து முடிப்பது என்பது அவர்களுக்குத் தெரியும். போட்டியில் வென்ற மூவரில் ஒருவர் ஒன்ராறியோவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் குக். சாரதிகள் எந்தப் பகுதிக்குப் பிறகு எந்தப் பகுதிக்குப் போகிறார்கள் என்ற ஒழுங்கைத் தரவிலிருந்து எடுத்து, அதற்குள் நின்று பாதையைத் தேடியது அவர்களின் முறை.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

கியூபெக்கில், ஐந்து மணித்தியாலம் தொடர்ந்து வேலை செய்கிற ஊழியருக்கு 30 நிமிட உணவு இடைவேளை உண்டு. மென்பொருளுக்குள் அது ஒரு நிபந்தனையாக எழுதப்பட்டிருக்கவேணும். ஆனால் சொந்தக் காரில், தன் கணக்கில் ஓடுகிற ஒப்பந்தக்காரராக வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே வந்து சேராது. 2025 ஜனவரியில் அமேசான் கியூபெக்கில் இருந்த தன் ஏழு நிலையங்களையும் மூடுவதாக அறிவித்தது. ஏறக்குறைய 1,700 நிரந்தர ஊழியர்களுக்கு வேலை போனது. டிலிவரியை வெளிக் கொம்பனிகளிடம் கொடுக்கப்போவதாக அது சொன்னது. பார்சல் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கு. கொண்டுவருகிறவர் யாருடைய ஊழியர் என்பதுதான் மாறியது.

இன்னொரு சட்டமும் தெரிந்திருக்க நல்லது. சட்டம் 25இன்படி, 2023 செப்டெம்பர் 22 முதல், தனிப்பட்ட தகவலை வைத்து முழுக்க முழுக்க இயந்திரம் எடுக்கிற முடிவு ஒன்றை உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் எடுத்தால், அதை உங்களுக்குச் சொல்லவேணும். நீங்கள் கேட்டால், எந்தத் தகவல் பாவிக்கப்பட்டது, முக்கிய காரணங்கள் எவை என்பதையும் சொல்லவேணும். முடிவைத் திரும்பப் பார்க்கக்கூடிய ஒரு மனிதரிடம் உங்கள் பக்கத்தைச் சொல்ல வழி இருக்கவேணும். தினசரிப் பாதைத் திட்டம் ஒவ்வொன்றும் இதற்குள் வருமா என்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. ஆனால் புள்ளி குறைந்தது என்று மென்பொருளே ஒருவரின் வேலையை நிறுத்தினால், இந்த உரிமையை ஞாபகப்படுத்திக் கடிதம் எழுதலாம். பிரெஞ்சில் அந்தக் கடிதத்தை எழுத ஒரு மாமாவுக்கு உதவுவது எங்கட தலைமுறைக்குப் பெரிய வேலை இல்லை.

சின்ன வியாபாரம் செய்கிறவர்களுக்கு

வார இறுதியில் சோத்துப் பார்சல், இடியப்பம், பலகாரம் கொடுக்கிற குடும்பங்களுக்கும், டிலிவரி செய்கிற பலசரக்குக் கடைகளுக்கும் சில குறிப்புகள்:

• பத்து ஸ்டொப்புக்குள் என்றால் மென்பொருள் வாங்கவேண்டாம். கூகுள் வரைபடத்தில் பல ஸ்டொப் போடலாம். ஆனால் அது வரிசையைத் தானாக ஒழுங்குபடுத்தாது; அதை நீங்கள்தான் செய்யவேணும்.
• டெகாரிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தண்டவாளத்துக்கு மேல், கீழ் என்று ஓடர்களை முதலில் பிரியுங்கோ. பாதிக் கணக்கு அதிலேயே முடியும்.
• "பின்வாசல்", "மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை", "மணி வேலை செய்யாது" போன்ற குறிப்புகளை விலாசத்தோடு சேர்த்து வையுங்கோ. காசு கொடுத்து வாங்கமுடியாத தரவு அது.
• இரண்டு வாரம் மணிக்கூட்டைப் பார்த்து உங்கள் ஸ்டொப் நேரத்தை எழுதுங்கோ. அந்த எண் இல்லாமல் எந்த மென்பொருளையும் வாங்கவேண்டாம்.
• வீட்டில் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை இருந்தால், கூகுளின் ஓ.ஆர்.-டூல்ஸ் இலவசம். விடுமுறைக்கு நல்ல வேலை.

கொம்பியூட்டரே இல்லாமலும் இது நடந்திருக்கு. 1983இல் வெளிவந்த ஒரு கட்டுரை, அட்லாண்டாவில் வயதானவர்களுக்கு வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்கும் சேவைக்கு ஜோர்ஜியா டெக் ஆட்கள் செய்துகொடுத்த முறையை விவரிக்குது. நகரம் முழுவதையும் வளைந்து வளைந்து தொட்டுச் செல்லும் ஒரே கோட்டைக் கற்பனை செய்து, ஒவ்வொரு விலாசத்துக்கும் அந்தக் கோட்டில் அதன் இடத்தைக் குறிக்கும் எண்ணைக் கொடுத்தார்கள். விலாச அட்டைகளை அந்த எண் வரிசையில் அடுக்கினால் அதுதான் பாதை. புது ஆள் சேர்ந்தால் ஒரு அட்டையைச் செருகுவது, விலகினால் எடுப்பது. மொத்தச் செலவு 50 டொலருக்கும் குறைவு.

பிள்ளைகளோடு ஒரு அரை மணித்தியாலம்

உங்கள் பகுதி வரைபடம் ஒன்றை அச்செடுங்கோ. பள்ளிக்கூடம், நூலகம், கடை, அம்மம்மா வீடு என்று எட்டு இடத்தில் புள்ளி போடுங்கோ. வீட்டில் தொடங்கி எல்லாவற்றையும் தொட்டு வீட்டுக்கே திரும்பிவர ஒரு நூலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கோ. பிள்ளைகள் அநேகமாக எப்பவும் கிட்ட இருக்கிற இடத்துக்கு முதலில் போவார்கள். கடைசியில் ஒரு பெரிய தூரம் மிஞ்சும். நூல் தன்னைத்தானே வெட்டுகிற இடத்தைப் பிரித்து மாத்திக் கட்டச் சொல்லுங்கோ. ஒவ்வொரு தடவையும் நூல் மிஞ்சும். பெரிய மென்பொருள்களுக்குள்ளும் இந்த வேலை நடக்குது.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கோ: "அம்மம்மா வீட்டில் எத்தனை நிமிடம் நிற்போம் என்று போடலாம்?" இரண்டு என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது.